முதல் வருஷ டீச்சருக்கு

அரசு தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதல் வாரம் பாடத்தைத் தொடவே வேண்டாம், பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள். "ஏய், நீல ரிப்பன்" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள், பெயரைச் சொன்னால் ஒருத்திதான் திரும்புவாள், அதுவும் கொஞ்சம் பயந்துகொண்டே.

அப்புறம் சத்தம். நான் முதல் வருஷம் கத்திக் கத்தி ஆகஸ்டுக்குள் தொண்டை கட்டிப்போய் மிளகுப் பாலோடு அலைந்தேன். பக்கத்து வகுப்பு அக்கா செய்ததைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்: சத்தம் கூடினால் அவர் பேச்சை நிறுத்திவிட்டு கரும்பலகையில் மெதுவாக ஒரு பூனை வரைய ஆரம்பிப்பார், வால் வருவதற்குள் வகுப்பு அமைதியாகிவிடும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவைக்கத் தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022 முதல் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் "நீ இன்னும் அரும்புதான்" என்று பிள்ளை காதில் விழும்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள், மாலைக்குள் அதுவே அவன் பட்டப்பெயராகிவிடும்.

பள்ளிக்கல்வித் துறையின் செயலியில் வருகைப் பதிவைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், நெட்வொர்க்கை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். பாடக்குறிப்பு ஞாயிறு இரவு வேண்டாம், வெள்ளிக்கிழமையே எழுதுங்கள்.

பெற்றோரிடம் புகாரோடு முதல் போன் போகக்கூடாது. "உங்க பொண்ணு இன்னிக்கு தானா வாசிச்சாம்மா" என்று ஒருமுறை சொல்லிவையுங்கள். பிறகு புகார் சொன்னாலும் கேட்பார்கள்.