டயாலிசிஸ் கட்டிலில் ஏறும் முன் கேட்க வேண்டியவை

கடலூர் முதுநகரில் தையல் வேலை செய்கிறேன். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் எனக்கு டயாலிசிஸ். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பவற்றை வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது உங்கள் ட்ரை வெயிட். உடம்பில் தேங்கிய தண்ணீர் எல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடை அது. ஒரு நோட்டுப் போட்டு, மெஷினில் ஏறும் முன் எடை, இறங்கிய பின் எடை, பிரஷர், எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள் என்று நாலையும் எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ட்ரை வெயிட் 60 கிலோ என்றால் நாலு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 லிட்டர். அதைவிடக் கூடுதலாக ஏறியிருந்தால், “சிஸ்டர், அரை மணி நேரம் கூட ஓட்டலாமா, டாக்டரைக் கேட்டுச் சொல்றீங்களா?” என்று கேளுங்கள். அவசரமாக இழுத்தால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். வரிசையாகக் கொட்டாவி வந்தாலோ, வியர்த்தாலோ, கண் இருட்டினாலோ பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள்.

ட்ரை வெயிட்டும் அப்படியே நிற்காது. காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்து இளைத்துவிட்டால், எடை பழையபடியே காட்டும். சதை குறைந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்திருக்கும். படுத்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். “இந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை” என்று டாக்டரிடம் சொல்வது நம் வேலை. நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

தண்ணீரை அடக்க வேண்டுமா, உப்பை அடக்குங்கள். உப்புப் போனால் தாகம் தானாகக் குறையும். எங்கள் ஊரில் கருவாட்டை விடுவது பெரிய கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனாலும் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் வேண்டாம். ரசம், மோர், கஞ்சி எல்லாம் தண்ணீர்க் கணக்கில்தான் வரும். கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். நமக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது. இளநீரும் பண்ருட்டிப் பலாப்பழமும் அதே காரணத்தால் வேண்டாம். காய்களில் இருக்கும் பொட்டாசியம் குறைய, அவற்றைச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள்.

அப்புறம் ஃபிஸ்டுலா: டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைக்கும் இடம். ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். நான் வலக்கையால் கத்தரி பிடிப்பவள் என்று சொன்னேன், இடக்கையில் வைத்தார்கள். காலையும் இரவும் அந்த இடத்தில் விரல்களை வைத்துப் பாருங்கள்: தையல் மெஷின் ஓடும்போது மேசையில் கை வைத்தால் தெரியுமே, அப்படி ஒரு அதிர்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்க, ரத்தம் எடுக்க யார் வந்தாலும் “இது ஃபிஸ்டுலா கை” என்று மறுத்துவிடுங்கள். இறுக்கமான வளையல், கனமான பை, அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குவது எதுவும் கூடாது.

பிரஷர் மாத்திரையை டயாலிசிஸ் நாள் காலையில் போடலாமா, கூடாதா என்று டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஆளுக்கு ஆள் அது மாறும்.

வேலையை விட்டுவிடாதீர்கள். மெஷினில் இருந்து இறங்கிய அன்று எனக்குக் கை ஓடாது; அன்று பட்டன் கட்டுவதோடு சரி, வெட்டுவதெல்லாம் மறுநாள்தான். வேலைக்கு ஒத்துவரும் ஷிஃப்ட்டைக் கேட்டுப் பாருங்கள். வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸ் உங்களுக்குச் சரிப்படுமா என்றும் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் முதலில் அதற்கு எழுதிக்கொடுங்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்யும் வழியையும் இப்போதே விசாரியுங்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தான். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.