காலனி விடுபடாமல் சர்க்கரை நோய் ஆய்வு: டெல்டா கிராமங்களில்

கோயில் மண்டபத்தில் முகாம் போட்டால் காலனி மக்கள் வரத் தயங்குவார்கள். பிறகு ‘ஒத்துழைக்கவில்லை’ என்று பதிவாகும். அது அவர்கள் குறையல்ல, இடம் தேர்ந்தவர் தவறு.

ஊர், காலனி, வாய்க்கால் கரைக் குடிசைகள் மூன்றுக்கும் தனித்தனியே வீட்டுப் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றிலும் குலுக்கிப் போட்டு வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். சம்பா நடவு நேரத்தில் பெண்கள் விடியலிலேயே வயலில் இறங்கிவிடுவார்கள். 8 மணி நேர வெறும் வயிற்று ரத்தம் வேண்டுமென்றால் காலை 5.30-க்கே வாசலில் நில்லுங்கள். எடுத்ததும் இட்லி கொடுங்கள், பசியோடு சேற்றில் இறங்கினால் மயக்கம் வரும்.

ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைப்பவருக்குப் படிக்கத் தெரிந்த, ஆய்வுக் குழுவைச் சாராத சாட்சி வேண்டும். மிராசுதாரரோ மேஸ்திரியோ கூடவே கூடாது. அவர்கள் எதிரில் ‘மாட்டேன்’ என்று சொல்ல வாய் வராது.

சாதியை ரத்தத்தின் குணமாக எழுதாதீர்கள். கூலி, குடிநீர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உள்ள தூரம், அங்கே நடத்தப்படும் விதம் எல்லாவற்றையும் கேட்டுப் பதியுங்கள்.