ஸ்படிகமா, கண்ணாடியா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

பெங்களூரு சிக்பேட்டையிலோ கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலோ கடைக்காரர் "ஒரிஜினல் கிரிஸ்டல்" என்று மாலையை நீட்டினால், எந்த கிரிஸ்டல் என்று திருப்பிக் கேளுங்கள். ஃபேன்சி நகைக் கடையில் கிரிஸ்டல் என்றால் பட்டை தீட்டிய கண்ணாடி. பூஜைச் சாமான் கடையில் அதே சொல்லுக்கு ஸ்படிகம், அதாவது பூமியில் விளைந்த குவார்ட்ஸ் என்று பொருள். இரண்டு கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, வாங்குகிறவர்தான் குழம்பிப்போகிறார். பில்லில் 'இயற்கை குவார்ட்ஸ்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெள்ளிப் பூணில் உள்ள ஹால்மார்க் அந்த வெள்ளிக்கு மட்டும்தான். கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

வீட்டுக்கு வந்தபின் முதலில் தொட்டுப் பாருங்கள். குவார்ட்ஸ் கண்ணாடியைவிடப் பல மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும், அதனால்தான் ஸ்படிகம் 'ஜில்'லென்று இருக்கிறது. ஆனால் பெங்களூரு டிசம்பர் காலையில் எவர்சில்வர் டம்ளரும் ஜில்லென்றுதான் இருக்கும். எனவே மாலையையும் ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டையும் ஒரே தட்டில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மேலுதட்டில் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படலாம். இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அடுத்தது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். மணிக்குள் உருண்டையான காற்றுக்குமிழி ஒன்று தெரிந்தாலும் பெரும்பாலும் அது கண்ணாடிதான். ஸ்படிகத்துக்குள் இருப்பவை வேறு மாதிரி: மெல்லிய முக்காடு போன்ற படலம், இறகு போன்ற விரிசல், புகை போன்ற மங்கல். 108 மணியும் ஒரு பொட்டுக் குறையில்லாமல் குறைந்த விலைக்குக் கிடைத்தால், சந்தோஷப்படாமல் அடுத்த சோதனைக்குப் போங்கள். வைரம் போல வானவில் நிறங்களை அள்ளி வீசினாலும் அப்படியே. ஸ்படிகம் ஒளியை அவ்வளவாகப் பிரிக்காது, ஈயம் கலந்த கண்ணாடி பிரிக்கும்.

எடைச் சோதனைக்கு 0.01 கிராம் வரை நுணுக்கமாகக் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். காய்கறி நிறுக்கும் கிச்சன் தராசு முழு கிராம்களாகத்தான் காட்டும், இங்கே அது உதவாது. காய்ந்த மாலையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, மாலையை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் கல்லின் அடர்த்தி வரும். ஸ்படிகத்துக்கு 2.65. சாதாரணக் கண்ணாடி 2.5-ஐ ஒட்டி நிற்கும், ஈயக் கண்ணாடி 3-ஐத் தொடும் அல்லது தாண்டும். உதாரணமாக, 8 மி.மீ. மணிகள் 108 கோர்த்த ஸ்படிக மாலை 75 கிராம் இருந்தால், தண்ணீரில் 28.3 காட்ட வேண்டும். 30 காட்டினால் அது கண்ணாடி.

இங்கே பலர் தவறுவது துளையில். ஒவ்வொரு மணியின் துளையிலும் சிக்கிய காற்று சேர்ந்தால் அரை மில்லிக்கு மேல் வரும். அசல் ஸ்படிகமே 2.59 காட்டிக் கண்ணாடி போல நடிக்கும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் விட்டு, மாலையை நன்றாக அலசிக் குமிழிகளை விரட்டிய பிறகு அளவு எடுங்கள். வெள்ளிப் பூண் போட்ட மாலைக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, வெள்ளியின் அடர்த்தி 10.5.

எங்களுக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை ஒளியை வைத்துச் செய்வது. இந்த ஐ.டி. ஊரில் லேப்டாப் இல்லாத வீடு குறைவு, கூட வேண்டியது ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸ் மட்டும். லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபடி அதை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இருளவே இல்லை என்றால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி. இருண்ட நிலையில் கையை அசைக்காமல், மணியைத் திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவே பிடியுங்கள். கண்ணாடி மணி எப்படித் திருப்பினாலும் திரையோடு சேர்ந்து இருண்டே கிடக்கும், அதிகம் போனால் சாம்பல் நிற நிழல் தெரியும். ஸ்படிகம் பளிச்சென்று வெளிச்சமாகும். திருப்பிக்கொண்டே போனால் ஏதோ ஒரு பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டமாக நிற வளையங்கள் தோன்றும். முதல் பார்வையில் இருட்டாக இருந்தால் கைவிடாதீர்கள், 45 டிகிரி திருப்புங்கள்; குவார்ட்ஸும் சில நிலைகளில் அணையும். அணையாமல் பாம்பு நெளிவது போல நிறங்கள் ஓடினால் அது பிளாஸ்டிக்.

சில 'சோதனைகளை' விட்டுவிடலாம். தண்ணீரில் போட்டால் அசல் ஸ்படிகம் மறைந்துவிடும் என்பார்கள். உண்மையில் தண்ணீரின் ஒளிவிலகலுக்குக் கொஞ்சம் நெருக்கமானது சாதாரணக் கண்ணாடிதான், அதுதான் கூடுதலாக மங்கும். இருட்டில் இரண்டு மணிகளைத் தேய்த்தால் ஒளி வருவது நிஜம், ஆனால் மணியின் பாலிஷ் போய்விடும். ஜன்னல் கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும், நெருப்பில் காட்டுவதும் அதைவிட மோசம். திடீர்ச் சூட்டில் அசல் குவார்ட்ஸே விரிசல் விடும்.

நிறக் கற்களில் பெயரே காட்டிக்கொடுக்கும். செர்ரி குவார்ட்ஸ், ஓபலைட், செம்புத் துகள் மினுக்கும் கோல்ட்ஸ்டோன் மூன்றும் கண்ணாடிகள். சாயம் ஏற்றிய கல்லில் விரிசல் ஓரங்களில் மட்டும் நிறம் அடர்ந்து நிற்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் துளையோரம் துடைத்தால் சில சாயங்கள் ஒட்டிக்கொண்டு வரும். முத்து, பவழத்தில் இதைச் செய்துவிடாதீர்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த குவார்ட்ஸை மட்டும் வீட்டில் பிடிக்க முடியாது. அதுவும் குவார்ட்ஸ்தான்: அதே அடர்த்தி, அதே வளையங்கள். ஊதா நிறக் குவார்ட்ஸான செவ்வந்திக்கல்லில் (அமெதிஸ்ட்) இந்தச் சிக்கல் அதிகம். விலை கூடிய கல்லானால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். நகையில் பதித்து வாங்குவதற்கு முன், உதிரிக் கல்லாகக் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை சுலபம்.