இஎஸ்பி32-இல் ஒளிந்திருந்த 29 கட்டளைகள்: உங்கள் போர்டை நீங்களே சோதித்துப் பாருங்கள்

2025 மார்ச்சில் ஸ்பெயினின் டார்லாஜிக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், வைஃபையும் புளூடூத்தும் கொண்ட சின்னச் சிப்பான இஎஸ்பி32-இன் புளூடூத் பகுதியில் ஆவணங்களில் இல்லாத 29 கட்டளைகள் இருப்பதாக அறிவித்தது. முதலில் ‘பின்கதவு’ என்றார்கள், பிறகு ‘மறைந்த வசதி’ என்று மாற்றிக்கொண்டார்கள். அதற்குள் ஊரெல்லாம் பரபரப்பு. இதற்காகப் போர்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. யூஎஸ்பி கேபிளை எடுங்கள், பார்த்துவிடலாம்.

முதல் படி: சிப் எது?

கணினியில் பைத்தான் இருந்தால், அதன் நிறுவியான பிப் மூலம் இஎஸ்பிடூலை (சிப்போடு பேசும் கருவி) நிறுவுங்கள். போர்டை இணைத்து ‘ஃபிளாஷ் ஐடி’ கட்டளையைக் கொடுத்தால் சிப்பின் பெயர் வரும். புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டே இருந்தால் போர்டிலுள்ள பூட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். கணினியில் யூஎஸ்பி போர்ட்டே தெரியவில்லையா? கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளோடு ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.

பெயரில் எஸ்3, சி3 என்றெல்லாம் வந்தால் அந்த 29 கட்டளைகள் உங்களுக்கு இல்லை. இது பழைய இஎஸ்பி32 வரிசையின் சமாச்சாரம் என்று தயாரிப்பாளரான எஸ்பிரெசிஃப் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இரண்டாம் படி: கட்டளை எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

புளூடூத்தில் மேலே இருக்கும் மென்பொருளும் கீழே இருக்கும் ரேடியோவும் பேசிக்கொள்ளும் மொழிக்கு எச்சிஐ என்று பெயர். அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் 16 பிட் எண் உண்டு. மேல் 6 பிட் குழு, கீழ் 10 பிட் அந்தக் குழுவுக்குள் வரிசை எண். 63ஆம் குழுவைத் தயாரிப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம். 63ஐ 1024ஆல் பெருக்கினால் 64512. அதோடு 2 சேர்த்தால் 64514. இந்த எண்தான் நினைவகத்தில் எழுதும் கட்டளை. கம்பியில் போகும்போது சிறிய பைட் முன்னால்: 2, 252.

இப்படித் தனிக் கட்டளை வைப்பதே குற்றம் இல்லை. பிராட்காம் சிப்களிலும் ரேமில் எழுதும் கட்டளை இருக்கிறது. ஆவணத்தில் சொல்லாமல் விட்டதுதான் இங்கே தப்பு.

மூன்றாம் படி: யாரால் அனுப்ப முடியும்?

காற்றுவழி வரும் புளூடூத் சிக்னலால் இவற்றைத் தூண்ட முடியாது. சிப்புக்குள் ஏற்கெனவே ஓடும் நிரலாலோ, எச்சிஐ இணைப்பைக் கையில் வைத்திருப்பவராலோதான் முடியும். அதாவது, முன்பே உள்ளே வந்துவிட்டவரால். இருந்தாலும் பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2025-27840 என்று எண் கொடுத்துப் பதிவுசெய்துவிட்டார்கள். எஸ்பிரெசிஃப்பும் திருத்தம் தருவதாகச் சொன்னது. ஆகவே எஸ்பிரெசிஃப்பின் நிரலாக்கத் தொகுப்பான இஎஸ்பி-ஐடிஎஃப்பின் புதிய பதிப்பில் உங்கள் நிரலை ஒருமுறை மறுபடி பில்டு செய்துவிடுங்கள்.

நான்காம் படி: எனக்கு இதுதான் பெரிய பயம்

நிரலும் தரவும் தங்கும் நினைவகம்தான் ஃபிளாஷ். இஎஸ்பிடூலின் ‘ரீட் ஃபிளாஷ்’ கட்டளையில் தொடக்கம் 36864, அளவு 24576 என்று கொடுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள். சில வினாடிதான் ஆகும். வழக்கமான அமைப்பில் என்விஎஸ் எனும் சேமிப்புப் பகுதி அங்கேதான் இருக்கும். கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து உங்கள் வைஃபை பெயரைத் தேடுங்கள். குப்பை எழுத்துகளுக்கு நடுவே பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே கிடக்கும்! கிடைக்காவிட்டால் முழு ஃபிளாஷையும் படித்துத் தேடுங்கள். நிரலிலேயே பாஸ்வேர்டை எழுதியிருந்தால் அதில் சிக்கும். இதற்கு எந்த ரகசியக் கட்டளையும் தேவைப்படவில்லை, பாருங்கள்.

ஐந்தாம் படி: பூட்டுவது

ஃபிளாஷ் என்க்ரிப்ஷன் (ஃபிளாஷில் உள்ளதை மறையாக்குவது), செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஓடவிடுவது) இரண்டும் இதற்காகவே உள்ளன. என்விஎஸ் பகுதிக்குத் தனி என்க்ரிப்ஷன் இருக்கிறது, அதையும் இயக்க வேண்டும். ஆனால் இவை ஈஃபியூஸ் பிட்களை, அதாவது சிப்புக்குள் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய பிட்களை, எரிப்பவை. எரித்ததைத் திரும்பப் பெற முடியாது, அவசரப்பட்டால் போர்டு வீண். வீணானாலும் பரவாயில்லை என்கிற போர்டில் முதலில் பழகுங்கள்.

அப்புறம், பழைய போர்டை யாருக்காவது கொடுக்கும் முன் ‘இரேஸ் ஃபிளாஷ்’ கொடுத்துவிட்டு, அதே 24576 பைட்டை மறுபடி படியுங்கள். எல்லா பைட்டும் 255 என்று, அதாவது காலியாக, வந்தால் கொடுக்கலாம்.