அட்டைவிடல் ஒப்புதல் படிவம்: என் அனுபவம்

எங்கள் சித்த மருத்துவமனையில் அட்டைவிடல் (அட்டைப்பூச்சியைக் கடிக்கவிட்டு இரத்தத்தை உறிஞ்சச் செய்தல்) சிகிச்சைக்கான ஒப்புதல் படிவங்கள், "ஒப்புதல் செல்லாது" என்ற ஒற்றை வரியுடன் தணிக்கையிலிருந்து தொடர்ந்து திரும்பி வந்தன. படிவத்தை எளிய தமிழில் எழுதியும், கைநாட்டு வைப்போருக்குச் சாட்சிக் கையொப்பம் சேர்த்தும் பலனில்லை. கோப்புகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டபோதுதான், ஒப்புதலில் இருந்த நேரம், மருத்துவர் அட்டைவிடலைப் பரிந்துரைத்த நேரத்துக்கு முந்தையது என்பது புலப்பட்டது. சேர்க்கையின்போதே எல்லாச் சிகிச்சைகளுக்கும் பொதுவாகக் கையொப்பம் வாங்கப்பட்டிருந்தது. ஒரு செயல்முறைக்குத் தந்த ஒப்புதல் வேறொன்றுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகவே கூறியுள்ளது. இப்போது, கடிவாயில் இரத்தம் பல மணி நேரம் கசியக்கூடும் என்பதை மருத்துவர் நோயாளிக்கு விளக்கி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்கிறாரா என்று கேட்டு எழுதிய பின்னரே, தனிப் படிவத்தில் தேதி, நேரத்துடன் கையொப்பம் பெறுகிறோம். அதன்பின் ஒரு கோப்பும் திரும்பவில்லை என்பது பெரும் நிம்மதி.