15,350 கிலோமீட்டரை 900-ஆல் வகுக்காதீர்கள்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் ஏறத்தாழ 15,350 கி.மீ. இந்த எண்ணைப் பார்த்ததும் பலரும் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்துவிடுகிறார்கள். 17 மணி நேரம் என்று விடை வருகிறது. டிக்கெட்டிலோ பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது.

அந்த 15,350, உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த குறுக்குவழி. நூல் ஏறக்குறைய வடதுருவத்தின் மேலேயே போகும். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தைப் பார்த்து இதை ஊகிக்கவே முடியாது. விமானம் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு, 16,000 கி.மீ.க்கும் மேல் பறக்கிறது. அங்கே மேற்கிலிருந்து வீசும் மேலடுக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் சுற்றுவழியே லாபம். காற்றை லேசாக நினைக்க வேண்டாம். 2020 பிப்ரவரியில் புயற்காற்றின் தயவில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. எதிர்த்திசையில் அதே தூரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். ஆகவே, போக எடுத்த நேரமே வரவும் ஆகும் என்று நம்பி அடுத்த விமானத்தைப் பதிவுசெய்வது ஆபத்து.

பழைய பயண நேரத்தை நம்புவதும் அப்படித்தான். ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரமாக இருந்தது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் 13 மணி நேரமானது. விமான நிலையங்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. வடதுருவம் வழியாகச் சுற்றிப் போன பயணிகளுக்குப் பின்லாந்து விமான நிறுவனமான ஃபின்ஏர் ஒரு சான்றிதழும் கொடுத்தது. தாமதத்துக்கு இதைவிட நாசூக்கான ஆறுதல் கிடைக்காது.

அலகையும் பாருங்கள். கென்னடிக்கான தூரம் கடல் மைலில் (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.) சுமார் 8,290. இதைச் சாதாரண மைல் என்று எண்ணிப் பெருக்கினால் 2,000 கி.மீ. காணாமல் போய்விடும்.

ஒரே விமான எண் என்பதால் இடையில் இறங்காது என்றும் முடிவு கட்டக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கிப் போகும் சேவையையும் ஒரே எண்ணில் நியூயார்க் வரை நடத்துகிறது. அதில் ஏறினால் ஏறக்குறைய ஒரு நாளே கழிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது கடிகாரம். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். நேரடியாகக் கழித்தால் அபத்தம்தான் மிஞ்சும். சிங்கப்பூர் நியூயார்க்கைவிடக் குளிர்காலத்தில் 13 மணி நேரம் முந்தியது. மார்ச் முதல் நவம்பர் வரை, அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவைக்கும் மாதங்களில், 12 மணி நேரம். ஜனவரியில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பிப் பதினெட்டரை மணி நேரம் பறந்தால், அதே தேதி காலை ஐந்தரைக்கே நியூயார்க்கில் இறங்கலாம். திரும்பும்போது கதை மாறும்: திங்கள் இரவு 10 மணிக்கு ஏறினால், சாங்கியில் இறங்குவது புதன் விடியற்காலையில். வரவேற்க வருபவரிடம் செவ்வாய் என்று சொல்லிவைத்திருந்தால், அவர் முதல் நாளே வந்து காத்திருப்பார். டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்தின் அருகே பொடி எழுத்தில் +2 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான்.