அம்மம்மாவுக்குக் கல்வெட்டு எழுதுதல்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த 31ஆம் நாளன்று உறவினர்க்கு வழங்கும் நினைவு மலரைக் கல்வெட்டு என்பர். இறந்த நாளைப் பாட்டில் பதியும் திதி வெண்பாவுக்குரிய ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைப் பஞ்சாங்கத்தில் சரிபார்த்து, வெண்பா யாக்கத் தெரிந்தவரிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். அதில் சேர்க்கும் பஞ்சபுராணமும் (திருமுறைப் பாடல்கள் ஐந்து) சிவபுராணமும் பெரும்பாலும் அச்சகத்திலேயே ஆயத்தமாக இருக்கும்.

வாழ்க்கை வரலாற்றுக்குத்தான் நேரம் தேவை. எல்லாக் கல்வெட்டுகளிலும் காணப்படும் "அன்பின் உருவம், உழைப்பின் சிகரம்" என்ற வரியை (எங்கள் வீட்டாரும் அதைத்தான் எழுதினார்கள்) விட்டுவிட்டு, அம்மம்மா விடியுமுன் எழுந்து மிளகாய்த் தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு வந்து, பள்ளிக்கூடம் செல்லும் பேரப்பிள்ளைகளுக்குப் பிட்டைச் சூடு ஆறாமல் வாழையிலையில் கட்டிக்கொடுத்து, சட்டியின் அடியில் எஞ்சியதைத் தாம் உண்டதை எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் எழுதித் தரும் நினைவுகளில் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன், மருமக்கள் பெயர் எதுவும் விடுபடவில்லை என்பதை இருமுறை பாருங்கள். மனத்தாங்கல் பிறக்கும் இடம் அதுவே.